தீப நாளில் மீட்டர் முள்

கார்த்திகை தீபம், மாலை ஐந்தே முக்கால். திருவண்ணாமலை துணைமின் நிலையத்தைப் பார்வையிட வந்திருக்கிறேன். மலையில் ஜோதி தெரிந்ததும், அணைத்து வைத்த விளக்குகளை ஊரே ஒன்றாகப் போடும். லோடு தாங்காமல் மின்சாரம் போனால் உடனே சுவிட்சைப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆபரேட்டர் ஏழுமலை.

"பதினோரு வருஷமா இந்த மீட்டர் முள்ளுதாங்க எனக்குத் தீபம்."

"நீங்க மாடிக்குப் போங்க. நானும் இன்ஜினியர்தான், பாத்துக்கறேன்."

"மேடம் தீபம் பாக்க வேணாமா?"

"எனக்கு சாமி நம்பிக்கை இல்லைங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு!" செருப்புகூட மாட்டாமல் படியேறி ஓடுகிறார்.

லோடு, வோல்டேஜ், சுவிட்ச் மூன்றையும் சரிபார்த்து நிற்கிறேன். வெளியே ஊர் முழங்குகிறது. முள் விருட்டென்று ஏறிச் சிவப்புக் கோட்டில் நடுங்குகிறது. மின்சாரம் போகவில்லை.

"அரோகரா!" என்று மீட்டரைப் பார்த்துக் கத்துகிறேன்.