ஆடி முடியும்வரை காப்பாரில்

சீதாப்பழச் சரக்கு பாழானதற்குக் காரணம் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் பதினாறு வருடம் பார்த்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து உறையவைத்த சீதாப்பழக் கூழ் இறக்குமதி செய்யப் புறப்பட்டேன். விதை நீக்கி, பையில் அடைத்து, அட்டைப்பெட்டியில் வரும். இங்கே அந்தப் பழம் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் உட்கார்ந்து விதையெடுக்க யாருக்கும் பொறுமையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக ஒரு கடை பிடித்து, பெரிய ஃப்ரீசர் ஒன்றையும் வாங்கிப் போட்டோம். சைவக் கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்யும் ஒருவர், ஆவணி முகூர்த்தங்களுக்குச் சீதாப்பழப் பாயசம் போடப்போவதாகவும், சரக்கில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ராஜினாமாக் கடிதமே எழுதினேன்.

ஆனியில் வந்திருக்க வேண்டிய கப்பல், ஆடி பிறந்த பிறகு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆடியில் புதுக்கடையில் சரக்கு இறக்குவதா? தடுப்பதற்கு எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அலுவலகத்தில் இதையெல்லாம் கேலி பேசியவளும் நான்தான். ஆனால் சொந்தத் தொழில் என்று வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பூஜை போடாத ஃப்ரீசரில் ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். என் கணவர் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"இப்ப கடையிலயே வெச்சிடுவோம் லா. ஆவணியில பூஜை போட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

சாமி கேட்கும் என்றேன். அவர், கிள்ளானை அடுத்த காப்பார் ஊரில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் தன் நண்பரிடம் பேசி, அவருடைய குளிரறையில் ஒரு மூலையை வாங்கித் தந்தார். மீன் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். மூடின பைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதம் முழுக்க ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அம்மன் கோயிலுக்கு மட்டும் வெள்ளி தவறாமல் போனேன்.

ஆடிக் கடைசி வாரம், சரக்கைக் காட்டச் சமையல்காரரைக் காப்பாருக்கு அழைத்துப் போனோம். மீன் வரத்து அதிகமாம். இடம் போதாமல், ஈரம் சொட்டும் மீன் பெட்டிகளை எங்கள் பெட்டிகளின் மேலேயே அடுக்கியிருந்தார்கள். மீன் தண்ணீர் அட்டைக்குள் இறங்கி, பைகளோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. நான் ஒரு பையைக் கழுவி, வெட்டி, கூழை வாயில் போட்டுக் காட்டினேன். கல்கண்டாக இனித்தது. சமையல்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பழம் நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி, நான் கொற சொல்லல. ஆனா இதத் தொட்ட கையால சைவக் கல்யாணத்துக்குச் சமைக்க முடியாது."

அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிறகு நான் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் பெட்டியை முகர்ந்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெட்டிகூட விலைபோகவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடை திறந்தோம். குருக்களுக்குச் சொல்லியாகிவிட்டது, நிறுத்தவும் பயமாக இருந்தது. காலி ஃப்ரீசருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நைவேத்தியத்துக்குக் கடைச் சரக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னார் குருக்கள். என் கணவர் வெளியே போய், எதிர்க்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து தட்டில் வைத்தார்.

சூடம் காட்டியபோது கண்ணை மூடினேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது, ஃப்ரீசரைப் போடுங்கள் என்று குருக்கள் அவசரப்படுத்தினார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், சுவிட்ச் பக்கம் போகவில்லை. நானே போய்த் தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் அது குளிர ஆரம்பித்தது.