துரை விட்டுப்போன சின்ன கார்

கார் ஓட்டுவது சுலபம். பின் சீட்டில் இருப்பவரைச் சமாளிப்பதுதான் டிரைவர் வேலை. ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபோது பீடோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைக்கு நான் டிரைவர். துரை கிடைத்த லாரியில் ஏறி ஓடிவிட்டார். நானும் காரும் மிஞ்சினோம்.

போட்டோ

ராஜாக்களுக்குக் கார் செய்யும் சீமைக் கம்பெனியின் கார் அது. காரை எடுத்துக்கொள்ள வந்த ஜப்பான் அதிகாரிக்கு ஏக சந்தோஷம். படியில் காலை வைத்து, வாளைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு எஸ்டேட் கணக்கு எழுதும் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவிடம், "இவர்கள் செய்வதில் இதுதானே பெரிய கார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கிராணி ஐயாவுக்குப் பொய் வராது. "இல்லை, இருப்பதில் இதுதான் சின்னது, விலையும் குறைவு" என்றார். அதிகாரியின் முகம் சுருங்கியது. எனக்கு அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து சொன்னார்: "பரவாயில்லை, போட்டோவில் தெரியாது."

மேடு

அதிகாரிக்கும் நானே டிரைவர் ஆனேன். பெட்ரோல் தீர்ந்ததும் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ஊற்றினோம். புக்கிட் செலம்பாவ் மேட்டில் கார் இருமிவிட்டு நின்றது. மரவள்ளி பிடுங்கப் போன பெண்கள் வந்து தள்ளினார்கள். அதிகாரி இறங்கவில்லை. புகைபட்டு முகமெல்லாம் கரியான முனியம்மா என் ஜன்னலில் தலையை நீட்டினாள்: "டிரைவர் அண்ணே, உள்ள இருக்கற மூட்டைய இறக்கி வச்சா என்னண்ணே?"

சயாம் லாரி

எல்லைக்கு அப்பால் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். என்னையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். என் மனைவி லெட்சுமி கீழே நின்று அழுதாள். அதே நேரம் அதிகாரி அலோர்ஸ்டார் டவுனுக்குப் போகக் கிளம்பினார். என் இடத்துக்கு வந்த புது டிரைவரான சிப்பாய் கை வீங்கும்வரை காரின் முன்னால் ஹேண்டிலைச் சுற்றினான். கார் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி நெருப்பில் சுட்டு மாட்டினால்தான் அந்த எண்ணெய் பிடிக்கும். அவனுக்கு அது தெரியாது.

அதிகாரி கத்தி என்னை இறக்கினார். பிளக்கைச் சுட்டு மாட்டினேன். கார் கிளம்பியது. "இவன் இங்கேயே இருக்கட்டும்" என்றார். லெட்சுமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

லாரி நகர்ந்தது. அதிலிருந்த பக்கத்து வீட்டுக் கருப்பையா பிறகு திரும்பி வரவே இல்லை. அன்று சிரித்துக்கொண்டேதான் கத்தினான்: "எனக்கும் கார் ஓட்டக் கத்துக் குடுத்திருக்கலாம்லண்ணே!"

இத்தனை வருஷம் கார் ஓட்டியதில், எனக்கு உருப்படியாக நடந்த ஒரே நல்லது கார் ஓடாமல் நின்றபோதுதான் நடந்தது.