முதுகோடு முதுகு

சுகந்தி இறந்த செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அவளுடைய கணவர் குமரன்தான் தொலைபேசியில் எடுத்தார். "ரஞ்சி, சுகந்தி எங்கள விட்டிட்டுப் போயிட்டா. விடியத்தான்" என்றார். நான் "ஓம்" என்றேன். மீன்காரர் வெட்டித் தரவா என்று சிங்களத்தில் கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மீனுக்கு மஞ்சள் பூசிய பிறகுதான், இன்றைக்கு இதை எப்படிச் சமைப்பது என்று உறைத்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவினேன். அழுகை வரவில்லை. உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலும் வரவில்லை. வந்தவர்களுக்குப் பால்தேத்தண்ணி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களோடு கொட்டாஞ்சேனையில் உயர்தரம் படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது வெளிநாட்டில். செத்தவீட்டுக்கு வர முடியாதவர்கள், அவளைப் பற்றி ஏதாவது எழுது என்று கேட்டீர்கள். கண்ணீரோடு எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதன் புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் கணக்கில் சேராது என்று தெரிந்த நாளோடு அதற்கிருந்த மரியாதையும் போய்விட்டது. படிப்பித்த ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போனார்; பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை. நீங்களெல்லாம் ரியூசன் கணக்குச் செய்தீர்கள், இல்லையென்றால் மேசையில் தலையை வைத்து நித்திரை கொண்டீர்கள். நானும் நித்திரைக் கட்சிதான். சுகந்திதான் என்னை உலுப்பி எழுப்பினாள். "எழுதச் சொன்னா எழுதுறம், வாசிக்கச் சொன்னா வாசிக்கிறம். வாயத் திறக்கச் சொன்னா மட்டும் ஊமையள். எழும்படி, கதைப்பம்."

கதைக்க முயன்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவள் "ஹவ் ஆர் யூ" என்றால் எனக்கு வயிறு குலுங்கியது. இரண்டு கிழமை இப்படிச் சிரித்தே போனது. பிறகு ஒருநாள் அவள் தன் கதிரையைத் தூக்கி என் கதிரைக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். "முகத்தப் பார்த்தாத்தான் வெக்கம். முதுகுக்கு என்ன வெக்கம்?" என்றாள். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டும் நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டும் முதல்முறையாக ஆங்கிலத்தில் கதைத்தோம். அன்றைக்கு அவள் கதைத்தது முகத்துவாரத்தில் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வராததைப் பற்றி. ஒரு மண்ணும் சரியான இலக்கணமில்லை. ஆனால் எனக்கு முழுக்க விளங்கியது.

விதிகள் அவள் போட்டவைதான். திரும்பிப் பார்க்கக்கூடாது. தொடங்கின வசனத்தை முடிக்காமல் எழும்பக்கூடாது. சொல் வரும்வரைக்கும் மற்றவர் காத்திருக்க வேண்டும், எடுத்துக் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியில் அவள் படு கண்டிப்பு. நான் ஒருமுறை உதவப்போய் முழங்கையால் இடி வாங்கினேன். "அது என்ர வசனம். நீ உன்ர வாய மூடு."

இப்படிப் படித்ததில் ஒரு கோளாறும் வந்து சேர்ந்தது. முகம் தெரியாவிட்டால் இருவரும் ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுவோம். முகம் தெரிந்தால் நாக்கு ஒட்டிவிடும். எனக்கு இன்னும் அந்த வியாதி உண்டு. கந்தோரில் தொலைபேசியில் நான் ராணி, ஆள் நேரில் வந்தால் அசடு. சுகந்தி இதைக்கூடத் தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனவள், எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயடைத்துப்போனாளாம். பிறகு, சேர், நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லலாமா என்று கேட்டாளாம். அவர்கள் சிரித்துவிட்டுச் சரி என்றார்கள். இரத்மலானைக் கிளையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த வெற்றியை என்னிடம் சொல்லும்போது, "நல்லவேள, அங்க சன்னல் இருந்தது" என்றாள்.

சோதனை முடிந்து, வேலை வந்து, எனக்குக் கலியாணமாகி, நான் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அவளும் இரண்டு ஒழுங்கை தள்ளி வந்து சேர்ந்தாள். கதிரை திருப்புவது விட்டுப்போகவில்லை. ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. தமிழில் சொல்ல வாய் வராத விஷயங்களுக்கு அதை வைத்துக்கொண்டோம். குமரனைப் பற்றி அவள் முதலில் சொன்னது அப்படித்தான். "தேர் இஸ் அ பேர்சன்" என்று தொடங்கி, வசனத்தை முடிக்க அரைமணி நேரம் எடுத்தாள். என் தகப்பனாருக்கு நினைவு தவறத் தொடங்கியதை நான் அவளுக்குச் சொன்னதும் அப்படியே. தன் மகள் அபி பிறந்த பிறகு சுகந்தி அவளையும் அப்படியே ஆங்கிலம் பேசப் பழக்கினாள். வியாழக்கிழமை பின்னேரங்களில் தாயும் மகளும் முதுகைச் சாய்த்துக்கொண்டு கதைப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. எழும்பிச் சாப்பாட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டாள். நானும் என் கதிரையைத் திருப்பினேன். தனக்கு வந்திருக்கும் வருத்தத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னாள். வைத்தியர்கள் சொன்னதை ஒன்றும் விடாமல், வங்கியில் வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோலச் சொன்னாள். முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "அபிக்குச் சொல்லாத. அவளின்ர ஏ.எல். முடியட்டும்."

"சொல்லடி. அவள் சின்னப்பிள்ளையில்ல" என்றேன்.

"சோதனை முடிஞ்சாப் பிறகு நானே சொல்லுவன். இவ்வளவு காலம் படிச்ச படிப்ப என்ர வருத்தம் குழப்பக்கூடாது."

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் சாவும் வாசலில் நின்று காத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். அபியிடம், அம்மாவுக்கு இரத்தம் குறைவு என்றார்கள், குடற்புண் என்றார்கள். பிறகு அரசாங்கம் சோதனையைப் பின்போட்டது. அந்த அறிவித்தல் வந்த அன்று சுகந்தி என்னைத் தொலைபேசியில் எடுத்து, "இன்னும் கொஞ்சம் இழுக்கவேணும் போல" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவளால் அவ்வளவு தூரம் இழுக்க முடியவில்லை.

செத்தவீட்டில்தான் அபிக்கு எல்லாம் தெரியவந்தது; அதன் பிறகு அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். தகப்பனோடும் கதையில்லை. "சோதனை கிட்டுது. எனக்கு அதுவும் இப்ப பெரிசில்ல. பிள்ள வாயத் திறந்தாப் போதும். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ, ரஞ்சி" என்று குமரன் கேட்டார். நான் போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானே மரக்கட்டை மாதிரித்தான் இருந்தேன். இருந்தாலும் போனேன். அன்றைக்கு வியாழக்கிழமை என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை.

அபி சுவரைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். அறையில் இன்னொரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழும்பி, தன் கதிரையைத் தூக்கி, என் கதிரைக்குப் பின்னால் முதுகு காட்டிப் போட்டாள். நான் அசையவில்லை. அவளுடைய முதுகு என் முதுகில் வந்து பட்டது.

"அன்ரி, நான் கவலையாக இல்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "நான்..." என்று நின்றுவிட்டாள்.

நான் காத்திருந்தேன். எடுத்துக் கொடுக்க எனக்குச் சொற்கள் இருந்தன. கொடுக்கவில்லை. கீழே காலிக்குப் போகும் வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. குமரன் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் கோபமாக இருக்கிறேன்" என்று முடித்தாள். "அம்மா உங்களுக்குச் சொன்னா. எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். அவவோடு இருந்திருப்பேன்."

இதற்குத் தமிழில் என்னிடம் நிறையப் பதில்கள் இருந்தன. உன்ர நன்மைக்குத்தான், அம்மா பாவம், அப்படிச் சொல்லக்கூடாது என்று வரிசையாக வரும். ஆங்கிலத்தில் அவற்றில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. "யெஸ்" என்றேன். "யூ ஆர் ரைட்" என்றேன்.

அவள் குலுங்கத் தொடங்கினாள். கதிரைகள் இரண்டும் ஆடின. சத்தம் வரவில்லை, முதுகில்தான் தெரிந்தது. பிறகு சத்தமும் வந்தது. குமரன் ஓடிவந்து கதவில் நின்றார். கிட்ட வரவேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கும் கன்னம் நனைந்திருந்ததை அவர் பார்த்த பார்வையில்தான் அறிந்தேன்.

புறப்படும்போது அபி தமிழில் கேட்டாள்: "அன்ரி, அடுத்த வியாழனும் வாறீங்களா?"

சுகந்தியின் சேலைகளில் விருப்பமானதை எடுக்கச் சொல்லிக் குமரன் கேட்டார். வேண்டாம் என்றேன். அவளுடையதில் எனக்கு வியாழக்கிழமை வந்து சேர்ந்திருக்கிறது. அன்று ஒருத்தி தன் வசனத்தை முடிக்கும்வரைக்கும் நான் திரும்பாமல் இருக்க வேண்டும்.