குங்குமம் வைத்த டிஸ்க்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: ஞானசேகர். என் பெயரைக் கெடுத்தவன் அவன்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் எந்தச் சாமான் கெட்டாலும் மாற்று கிடைக்கும், பெயர் கெட்டால் மட்டும் ஸ்பேர் கிடைக்காது. இதே தொழிலில் இருந்து முதுகு வளைந்த அண்ணன் தம்பிகளுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய ஹார்டு டிஸ்க் நாளாக நாளாக மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற புது டிஸ்க்கைப் போட்டால் அதே கம்ப்யூட்டர் குதிரையாக ஓடும். ஆனால் அதற்கு முன்னால் பழையதில் இருக்கும் விண்டோஸ், ஃபைல், போட்டோ எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு ஏற்ற வேண்டும். இதைக் குளோனிங் என்போம். எதிலிருந்து, எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்கும். அங்கே மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க் போய் நிறைந்த டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

எட்டாவது படித்தவன்

ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் ஞானசேகரும் தாம்பரத்தில் ஒரே கடையில் வேலை பார்த்தோம். அவன் டிப்ளமோ. நான் எட்டாவது. சேலையூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ராஜமாணிக்கம் என்னை நம்பி அவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பதினோரு கல்யாணத்தின் போட்டோக்கள் இருந்தன. பழைய டிஸ்க்கும் புது டிஸ்க்கும் ஒரே அளவு. இரண்டையும் மாட்டிவிட்டு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் ஞானசேகர் அவசரப்பட்டுக் குளோனிங்கைத் தலைகீழாக ஓட்டி முடித்திருந்தான். பதினோரு கல்யாணமும் போயிற்று.

ராஜமாணிக்கம் வந்து நின்றபோது நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்துவிட்டான். நான் செய்யவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். இங்கிலீஷ் தெரிந்தவன் பேச்சுதான் எடுபட்டது. வேலை போனது பெரிதில்லை, இரண்டே மாதத்தில் பெருங்களத்தூரில் சொந்தக் கடை போட்டுவிட்டேன். இன்றைக்கும் ராஜமாணிக்கம் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் ஆறவில்லை. அன்றைக்கு ஞானசேகர் சொன்ன வார்த்தை எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "நான் அப்பவே சொன்னேன் சார், இவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, மாத்தி அமுக்கிட்டாரு."

ராகு காலம்

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய டிஸ்க் மேல் ஒரு தாள் ஒட்டிக் குங்குமம் வைப்பேன். புதியதற்கு மஞ்சள். குங்குமத்திலிருந்து மஞ்சளுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு நீள எண் அச்சடித்திருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைத் தாளில் எழுதி, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டு, வாடிக்கையாளரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அவர் படித்த பிறகுதான் பட்டனைத் தொடுவேன். எழுத்து என்னை ஏமாற்றலாம், எண் ஏமாற்றாது. பழைய டிஸ்க்கை அழிக்கவும் மாட்டேன். குங்குமத்தோடு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

பீர்க்கன்கரணை ஏழுமலை, ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர், இப்போது அதே நிலத்தில் மனை போட்டு விற்கிறவர், இந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துபோனார். "நம்ம ஆளுய்யா நீ" என்று முதுகில் தட்டினார். புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டுக்கு அறுபத்திரண்டு சதவீதம் ஓடியிருந்தது. மனிதர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார். "நிறுத்து நைனா! ராகு காலம் வந்துட்ச்சி. ஒன்றரைக்கு மேல மீதியப் பாரு!" அந்த டிஸ்க்கில் அவருடைய பத்திரம் எல்லாம் இருக்கிறது, பயம் நியாயம்தான். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். கேட்கவில்லை. கை வயர் பக்கம் போயிற்று. நான் குறுக்கே நின்று, "நாத்து நடறதுக்கு நேரம் பாப்பீங்க, கதிர் விடறதுக்குமா நேரம் பாப்பீங்க?" என்று கேட்டேன். வயர் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "பயிர் வெச்சவனுக்கே பாடம் எடுக்கிறியா? சரி, ஓடட்டும். ஆனா எதுனா ஆச்சுன்னா உன் ஜாதகத்தையும் சேத்துப் பாப்பேன்."

வேகம் வராத எஸ்.எஸ்.டி.

குரோம்பேட்டையில் டியூஷன் எடுக்கும் சார் ஒருவர், வீடியோ பார்த்துத் தானே குளோனிங் செய்தவர், மூன்று வாரம் கழித்துச் சண்டைக்கு வந்தார். எஸ்.எஸ்.டி. என்பதே ஏமாற்று வேலையாம், ஒரு இம்மி கூட வேகம் வரவில்லையாம். நான் விற்ற டிஸ்க்கும் இல்லை, நான் செய்த வேலையும் இல்லை, ஆனாலும் திட்டு எனக்கு. பெட்டியைத் திறந்தேன். புதியதும் இருந்தது, பழையதும் இருந்தது. கம்ப்யூட்டர் வழக்கம்போலப் பழையதிலிருந்தே எழுந்து, பழையதிலேயே வேலை பார்த்து, பழையதிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. பழையதன் வயரைப் பிடுங்கி ஆன் செய்தேன். நான் பட்டனிலிருந்து கையை எடுப்பதற்குள் திரை வந்தது போல இருந்தது. சார் சிரித்தார், உடனே அழுகிற மாதிரி ஆனார். மூன்று வாரமாகத் தயார் செய்த கேள்வித்தாள் எல்லாம் பழையதில் அல்லவா இருக்கிறது! குங்குமம் வைத்து, மஞ்சள் வைத்து, எண் படிக்கவைத்து, மறுபடி முதலிலிருந்து ஏற்றிக் கொடுத்தேன். போகும்போது சொன்னார்: "புது வீட்டுக்குப் பால் காய்ச்சிட்டு, இத்தனை நாளா பழைய வீட்டுலயே படுத்துட்டு இருந்திருக்கேன் சார்."

கூடை

நீலாங்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர், மகளின் காலேஜ் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்து என் குங்குமச் சிமிழ் காலி. விஷயத்தைச் சொன்னதும் முந்தானையில் முடிந்துவைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்துத் தானே வைத்துவிட்டார். நான்கு எண்களையும் சந்தையில் ஏலம் சொல்கிற குரலில் படித்தார். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, "இத்த ஏண்ணா இவ்ளோ ஜாக்கிரதையா பண்றே?" என்று கேட்டார். ஸ்டுடியோக் கதையைச் சொன்னேன். மாற்றிப் போட்டவன் நான் இல்லை என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் அந்தக் கதையை நான் முடிப்பதில்லை. அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஏழு வருஷத்தில் என் பேச்சை முதல் தடவையிலேயே நம்பியவர் அவர் ஒருவர்தான்: "காலிக் கூடையத் தூக்கி மீன் கூடை மேல கொட்டினானா? படிச்சவன்தாண்ணா அவசரத்துல அப்படிப் பண்ணுவான், நீ பண்ணிருக்க மாட்டே."

ஞானசேகர் வந்தான்

போன மாதம் என் கடை வாசலில் ஒரு பைக் நின்றது. ஏழு வருஷத்தில் வயிறு வைத்திருந்தான், மற்றபடி அதே ஞானசேகர். இப்போது கோவிலம்பாக்கத்தில் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு பல் டாக்டரின் டிஸ்க். அதே வேலை, அதே தலைகீழ். இந்தத் தடவை இரண்டாவது நிமிஷத்தில் கண்ணில் பட்டு வயரைப் பிடுங்கியிருக்கிறான். "அண்ணா, நீங்கதான் காப்பாத்தணும். டாக்டர் நாளைக்கு வந்துடுவாரு."

ஒரு நிபந்தனை போட்டேன். பணம் வேண்டாம். ராஜமாணிக்கம் ஸ்டுடியோவுக்கு என்னோடு வந்து, "அன்னைக்கு மாத்திப் போட்டது நான்தான்" என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அடிபட்ட டிஸ்க்கின் மேல் நேரடியாக வேலை செய்யக் கூடாது. அதனால் குங்குமம் வைத்து, முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்து, அழியாமல் மிஞ்சிய ஃபைல்களை அந்த நகலில்தான் தேடினேன். இரண்டு நாள் ஆயிற்று. டாக்டரிடம் அவகாசம் கேட்டதும் அவன்தான், திட்டு வாங்கியதும் அவன்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நோயாளிகளின் எக்ஸ்ரே எல்லாம் திரும்பி வந்தது. ஞானசேகர் அசந்துபோய் நின்றான்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி சேலையூர் வந்தான். எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்தினோம். ஸ்டுடியோவுக்குள் ராஜமாணிக்கம் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். தெருவைத் தாண்டினால் போதும், இருபது அடி. ஞானசேகருக்குத் திடீரென்று போன் வந்தது. மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே பைக்கில் ஏறினான். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னான்: "அவரு எப்பவோ மறந்துருப்பாருண்ணா, நாம போய் எதுக்கு பேஜாரு பண்ணிக்கினு? அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்."

அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரமும் போயிற்று: தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டரைச் சரியான டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன், ஞானசேகர் மேல் ஏற வேண்டிய பழி மட்டும் இன்னும் தப்பான டிஸ்க்கில், அதாவது என் மேல்தான், உட்கார்ந்திருக்கிறது.