கொம்பு உதிரும் பருவமும் மச்சானின் நெஞ்சும்

குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துக்கொண்டு போனபோது, கள்ளிச்செடியின் அடியில் ஒரு மான் கொம்பு கிடந்தது. அரிசோனாவில் என் மகள் வீட்டுக்கு வேலி கிடையாது; பாலைவனம் நேராகக் கொல்லைவரை வந்து நிற்கிறது. நான் கொம்பைத் தொடவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்கைச் சோதித்து ஓய்வுபெற்றவன் நான். தேங்காய் நார் மூட்டைக்குள் ஒளித்த மான் கொம்புகளைப் பிடித்து, சாட்சிகளை நிற்கவைத்துப் பறிமுதல் மகஜர் எழுதியவன். தடயம் கலையக் கூடாதென்று நாற்காலி போட்டுக் காவலிருந்தேன்.

பக்கத்து வீட்டு டேவ் நாயோடு வந்தார். வனத்துறைக்கு எங்கே தகவல் சொல்வது என்று கேட்டேன்.

“எதற்கு?”

“யாரோ மானைக் கொன்றிருக்கிறார்கள்.”

டேவ் சிரித்தார். “யாரும் கொல்லவில்லை. பல் விழுவதுபோல் தானாக விழும். எடுத்துக்கொள்ளுங்கள்.”

“யார் அனுமதி தருவார்கள்?”

“மான்தான். அது போட்டுவிட்டுப் போய்விட்டதே!”

கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் நீளக் காது இருப்பதால் இதற்கு மியூல் டியர் என்று பெயராம். பாலைவனத்தில் இணை சேர்வதே தாமதம், அதனால் கொம்பு உதிர்வதும் தாமதம். பங்குனி வெயில் ஏறும்போதுதான் விழும், பிறகு புதிதாக முளைக்கும் என்றார் டேவ். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு, இங்கே நாய்க்குக் கடிக்கக் கொடுக்கிறார்கள். நான் வாழ்நாளெல்லாம் சேர்த்த உத்தியோக அறிவை மோந்து பார்த்துவிட்டு டேவின் நாய் நகர்ந்துவிட்டது.

ஆத்திரத்தில் ஒரு தவறு செய்தேன். கொம்பைப் படமெடுத்து எண்ணூரை ஒட்டிய நெட்டுக்குப்பத்திலிருக்கும் தங்கை கோமதிக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. பேசியது அவள் கணவர் வேலு.

“மச்சான், அத்த அப்டியே எட்த்துகினு வா. கல்லுல இழைச்சு பூசுனா நெஞ்சுவலி பறந்துடும். எங்க நைனாவுக்கு அதுலதான் கேட்டுச்சு.”

“யாருக்கு நெஞ்சுவலி?”

கோமதி கைப்பேசியைப் பிடுங்கினாள். “இவருக்குத்தாண்ணா! வலைய இழுத்தா மூச்சு வாங்குது. இருமிகினே கீறாரு. ஆஸ்பத்திரின்னா சண்டைக்கு வராரு. நீ இங்க இருந்தா இட்டுகினு போயிருப்ப.”

போயிருப்பேன். எண்ணூர்க் கழிமுகத்தில் சிப்பி கிழித்து அவர் கால் சீழ்பிடித்தபோது, ஆட்டோவில் திணித்துக்கொண்டு போனவன் நான்தான். எந்த ஜன்னலில் சீட்டு, எந்த வராந்தாவில் கட்டு, யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் கூடாது, எல்லாம் அத்துபடி. அங்கே என் அறிவுக்கு வேலை இருந்தது. இங்கே தாயில்லாத மகளின் பிரசவத்துக்குத் துணையாக வந்து, குப்பைத் தொட்டி இழுக்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பலை மூச்சாக இழுத்து ஒரு மனிதர் அங்கே இருமுகிறார். கொம்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். எத்தனை முறை திட்டினாலும் அதே பதில்.

கடைசியில், பணியில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். இல்லாத விதி ஒன்றை உண்டாக்கினேன்.

“மச்சான், கொம்பு பிளேன்ல வரணும்னா, மருந்து யாருக்கோ அவரோட நெஞ்சு எக்ஸ்ரே வேணும். சர்க்கார் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேதான் செல்லும். டாக்டர் கையெழுத்து கட்டாயம்.”

“மெய்யாலுமா?”

“ரூல்.”

“இன்னா பேஜாரு மச்சான் இது! மான் கொம்புக்கு என் நெஞ்சப் படம் புடிக்கணுமா?”

முனகிக்கொண்டே போனார். மருத்துவர் அவரைத் திரும்ப அனுப்பவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்று கோமதியைத் திட்டிவிட்டு, கட்டில் ஒதுக்கி நீரை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். குரல் திரும்பியதும் கட்டிலிலிருந்தே பேசினார்.

“படம் வந்துச்சா மச்சான்? கொம்பு எப்போ கெளம்புது?”

“பரிசீலனைல இருக்கு,” என்றேன்.

எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, சமையலறை ஜன்னலோரம் நின்று பார்த்தேன். நெட்டுக்குப்பத்து விலா எலும்புகள் என் உள்ளங்கையில் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடிக்கு வெளியே, கள்ளியடியில், ஓர் அணில் அந்தக் கொம்பைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொம்பை அங்கே அனுப்ப முடியாது. அந்த மனிதரை இங்கே வரவழைக்க முடியாது. உள்ளறையில் மகள் கூப்பிட்டாள். “வரேன்மா” என்றேன், என் கண் படத்தை விட்டு நகரவில்லை.