இடது கண்ணின் மேல்பாதி

சித்தையன்கோட்டையில் மினி பஸ்ஸைத் திருப்பும்போது என் இடது கண்ணில் மேல்பாதி இருட்டிப்போனது. வலி துளிகூட இல்லை. பித்தம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் நிறைய ஆட்களோடு திண்டுக்கல் வரை ஓட்டிவந்தேன். அந்தக் கூறுகெட்டத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

விஷயம் தெரிந்ததும் கண்டக்டர் திட்டிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். அங்கே ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரே பயம். பார்வை இல்லையென்று எழுதிவிட்டால் ஸ்டியரிங் போச்சு. வெளிச்சம் போடும்போதெல்லாம் மெஷின் லேசாக 'டிக்' என்றது. விசில் சத்தத்துக்கே வண்டியை எடுத்துப் பழகியவனுக்கு அது போதாதா? ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு அமுக்கு.

டெஸ்ட் எடுத்த பெண் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, சத்தத்துக்கா அமுக்குறீங்க? நடுவுல வெளிச்சமே காட்டாம சத்தம் மட்டும் போடும். அதுக்கும் அமுக்கியிருக்கீங்களே!"

கூசிப்போனேன். மறுபடி செய்தபோது கண்ணில் பட்டதற்கு மட்டும் அமுக்கினேன். எத்தனை டிக் சும்மா போனது!

பிறகு கண்ணுக்குள் போட்டோ எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டம், அதில் வேர்வேராக ரத்தக்குழாய்கள். கீழே இறங்கும் குழாய் ஒன்றில் கடுகளவு வெள்ளைப் பொட்டு அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி எல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"இந்த அடைப்பு கழுத்து ரத்தக்குழாய்லேர்ந்து பிஞ்சு வந்திருக்கலாம். மூளைக்குப் போகாம இங்க நின்னுச்சே!" என்றார்.

கண்ணுக்குள் எல்லாம் தலைகீழாக விழுமாம், கீழே அடைத்தால் மேலே இருட்டு. நான் அமுக்காமல் விட்ட இடமெல்லாம் டெஸ்ட் பேப்பரில் கறுப்பாக இருந்தது. மேல்கீழாகப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கறுப்பும் போட்டோவின் வெளுப்பும் ஓரம் பிசகாமல் பொருந்தின. எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு பெரிய காரியம் எனக்குள்ளேயே நடந்திருக்கிறது, நானோ பித்தம் என்று முகம் கழுவியிருக்கிறேன்.

"பார்வை திரும்புமா சார்?"

"போனது திரும்புறது கஷ்டம். மிச்சத்தையும் உங்களையும் காப்பாத்தணும். உடனே அட்மிட் ஆகுங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

அன்றைக்குப் பார்த்து நான் காக்கிச் சட்டை போடவில்லை. கடை வைத்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திரையில் என் கண் அப்படியே திறந்து கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"பஸ் ஓட்டுறேன் சார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.