மூடிக் கிடந்த அறையின் சிபோன்

தண்ணீர் போகும் தரைத் துளைக்கு மேல் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தேன். குழாய் வேலையில் பாதி மூக்கு செய்கிற வேலைதான். இந்தத் தொழிலில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை

ஏம்பலத்தைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறியதும் ஆபரேஷன் அறையைப் பூட்டிவிட்டார்கள். நர்ஸ் தனலட்சுமி மட்டும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பூட்டிய அறையில் சாக்கடை நாற்றம் என்று வில்லியனூரிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.

துளைக்கு அடியில் குழாய் வளைந்து போகும். பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை கற்ற எங்களுக்கு அது சிபோன். வளைவில் தண்ணீர் நின்றால் நாற்றம் மேலே ஏறாது. அறையை யாரும் கழுவாததால் வற்றியிருந்தது. ஒரு சொம்பு ஊற்றினேன், சரியாகிவிட்டது. வாரம் ஒரு சொம்பு நீங்களே ஊற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் சொல்லவில்லை.

"திரும்ப நாறிச்சுன்னா ஆளனுப்பறேன், வந்துடுங்க மேஸ்திரி."

வாட்ச்மேன் கேட்டது

மாதம் தவறாமல் நாறியது. ஒரு சொம்பு வேலையை அரை நாளாக்குவேன். சல்லடையைக் கழற்றித் தேய்ப்பேன். அடைப்பே இல்லாத குழாயில் கம்பி விடுவேன். அவள் நிலைப்படியில் சாய்ந்து, அன்றைக்கு ஊசிக்குப் பயந்து ஓடியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். வெளியே வரும்போது வாட்ச்மேன் காசி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாபா, சட்டையெல்லாம் புச்சா கீது? சாக்கடை பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

கரியமாணிக்கத்து வண்டி

ஒரு நாள் கரியமாணிக்கத்திலிருந்து பிரசவ வலியோடு ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தனலட்சுமி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை குறுக்கே கிடக்கிறது, புதுச்சேரிக்குப் போங்கள் என்றாள். வைக்கோலைப் பரப்பி அந்தப் பெண்ணை மறுபடி ஏற்ற நானும் கைகொடுத்தேன்.

டாக்டர் வந்தால் அறையைத் தினம் கழுவுவார்கள். சிபோன் வற்றாது. என்னைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். அந்தக் கொம்யூன் ஊர்களிலேயே டாக்டர் வர வேண்டாம் என்று நினைத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வண்டி கிளம்பும்போது அந்தப் பெண்ணின் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீயும் சாமியக் கும்புடுபா, இங்க ஒரு டாக்டரு வரணும்னு."

டாக்டர் வந்தார்

கடலூர்க்காரர். வந்த வாரமே குழாய்களையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி என்னை அழைத்தார். வழக்கம்போல் சொம்பில் தண்ணீரோடு போனேன். அறையைக் காலையிலேயே கழுவிவிட்டிருந்தார்கள், சிபோன் நிறைந்திருந்தது. டாக்டர் பழைய நோட்டைப் புரட்டிவிட்டு தனலட்சுமியைக் கேட்டார்: "மாசாமாசம் மேஸ்திரிய வரவழைச்சிருக்கீங்களே. வாரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா போதும்னு தெரியாதா?"

அவள் கத்தரிக்கோல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் சார்."

நிறைந்த சிபோனில் ஊற்றுகிற தண்ணீர் நேரே சாக்கடைக்குத்தான் போகும் என்று தெரிந்தும், கையிலிருந்த சொம்பை அதில் கவிழ்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.